ஒரு தக்கையும் 1837-ம் வருஷத்துக் காகிதமும்

டிஸ்கி: மீன் வாசனையே ஆகாதவர்களும் தைரியமா படிக்கலாம். பாதிக்கு மேல் கோர்ட் கேஸ்தான் :-)

மினியாபொலிஸுக்கு ஆன்சைட் வந்து இரண்டு வருஷம் ஆச்சு. கோடை வந்தா ஆபீஸ்ல எல்லாரும் பேசுறது ஒரே மீனைப் பத்தித்தான். பேரு வால்ஐ. 1965-லிருந்து மின்னசோட்டாவின் மாநில மீன். பூனைக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் கண்ணுக்குள்ள ஒளியைத் திருப்பி அடிக்கிற படலம் உண்டு. அதனால மங்கலான வெளிச்சத்துலதான் வேட்டைக்குக் கிளம்பும்.

என் டீம்ல ஒரு பெரியவர், கோபோல் காலத்து ஆசாமி, போன கோடையில மில் லாக்ஸ் ஏரிக்குக் கூட்டிட்டுப் போனார். வழியில தூண்டில் கடை. ஒரு சுவர் முழுக்கத் தக்கைகள். "உனக்கு ஒண்ணு எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டு அவர் அட்டை வாங்கப் போயிட்டார். (ஆமாம், அட்டையேதான், ஆனா ரத்தம் குடிக்காத ஜாதி. இரைக்கு. உயிரோட, டப்பாவுல.)

நம்ம ஊர்ல தக்கைன்னா நெட்டியோ மயிலிறகுத் தண்டோ, நரம்புல கட்டிட்டா நகராது. குளத்துக்கு அது போதும். இங்கே மீன் இருபது அடி ஆழத்துல நிக்குது, தூண்டில் கம்போ ஆறேழு அடி. முள்ளுக்கும் தக்கைக்கும் நடுவே இருபது அடி நரம்பு தொங்கினா எப்படி வீசுறது? அதுக்குத்தான் ஸ்லிப் பாபர். தக்கைக்கு நடுவே ஓட்டை, நரம்பு அதுக்குள்ள வழுக்கி ஓடும். வேண்டிய ஆழத்துல நரம்பு மேல ஒரு குட்டி முடிச்சு, முடிச்சு ஓட்டைக்குள்ள நுழையாம இருக்க ஒரு பாசிமணி. வீசும்போது தக்கை முள்ளுக்குப் பக்கத்துலயே இருக்கும். தண்ணில விழுந்ததும் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கிட்டு இறங்கும், முடிச்சு வந்து இடிச்சதும் நிக்கும். இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இதைப் பார்த்தா ஒரு சந்தோஷம் வரும் பாருங்க!

எந்த அளவுல எடுக்கறதுங்கிறது இன்னும் பழைய கேள்வி. இங்கிலாந்தில் 1496-ல் அச்சான தூண்டில் நூல் ஒன்று உண்டு. எழுதியது ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி என்று சொல்வது வழக்கம். அப்போ நரம்பு கிடையாது, குதிரை முடி. ஒற்றை முடிக்குப் பட்டாணி அளவு தக்கை, பன்னிரண்டு முடிக்கு வால்நட் அளவு என்று கணக்கு போட்டிருக்கிறார்கள். கணக்கு இன்னிக்கும் அதேதான். ஈயத்தோட எடைக்கு, தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியணும். பெருசா எடுத்தா, இழுக்கும்போது பாரம் தெரிஞ்சு வால்ஐ இரையைத் துப்பிடும். ரொம்பச் சின்னதா எடுத்தா, காத்தடிக்கிற நாள்ல அலையா கடியான்னு புரியாது. மில் லாக்ஸ் 1,32,000 ஏக்கர், ஆனா அதிகபட்ச ஆழமே 42 அடிதான். கொஞ்சம் காத்துக்கே பெரிய அலை எழும்பும்.

சரி, மேட்டருக்கு வருவோம். கடைக்காரர் பில் போடும்போது, தானா ஆரம்பிச்சார்: "தக்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மீனைத்தான் வலைக்காரங்க வாரிட்டுப் போறாங்க." பெரியவர் பதில் சொல்லல. கார்ல ஏறினதும், "வீட்டுக்குப் போய்ப் படி"ன்னார். படிச்சேன்.

பைன் மரம் வேணும்னு 1837-ல் அமெரிக்க அரசு ஓஜிப்வே மக்களிடம் பெரிய நிலப்பரப்பை எழுதி வாங்கியது. ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது, ஜனாதிபதி விரும்பும் காலம் வரை. 1850-ல் ஜனாதிபதி சாக்கரி டெய்லர் அதை ரத்து செய்து, இடத்தைக் காலி பண்ணச் சொன்னார். காலி பண்ண வைக்க, வருடாந்திரப் பணத்தை சாண்டி லேக் என்ற தொலைதூர இடத்தில் தருவதாக வரவழைத்தார்கள். பணமும் நேரத்துக்கு வரல, உணவும் கெட்டது. அந்தக் குளிர்காலத்தில் நோயிலும் பசியிலும் திரும்பி நடந்த வழியிலுமாக சுமார் 400 பேர் செத்தார்கள். ஜனங்க நகரவில்லை.

1990-ல் மில் லாக்ஸ் ஓஜிப்வேக்கள் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1993-ல் ஒரு சமரசம் தயாரானது: அவர்களுக்கென்று ஏரியில் 6,000 ஏக்கர், அதாவது 4.5 சதவீதம், கூடவே 86 லட்சம் டாலர், 7,500 ஏக்கர் நிலம். எதிர்ப்பு பலமா கிளம்பியது. வைக்கிங்ஸ் ஃபுட்பால் அணியின் முன்னாள் பயிற்சியாளர் பட் கிராண்டே எதிர்ப்பின் முகமாக நின்றார். சட்டசபை நிராகரித்தது. வழக்கு மேலே மேலே போய், 1999 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் 5-4. சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பு, 1850 உத்தரவு செல்லாது, 1855 ஒப்பந்தமும் 1858-ல் மாநிலமானதும் உரிமையை அழிக்கல என்றது. 4.5 சதவீதம் வேணாம்னவங்க, ஏரியின் மொத்த மீன் கணக்கிலும் பங்கு கொடுக்க வேண்டியதாச்சு. இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரல, சாண்டி லேக்தான் ஞாபகம் வந்தது.

வலைதான் மீனை அழிச்சதா? ஏரித் தண்ணீர் பல வருஷமா தெளிஞ்சுக்கிட்டே வந்தது. 2005-ல் ஜீப்ரா சிப்பியும் வந்து இன்னும் தெளிவாக்கிருச்சு. தெளிஞ்ச தண்ணி வால்ஐ கண்ணுக்கு ஆகாது. நிபுணர்கள் பார்த்தபோது முட்டை பொரியுது, குஞ்சும் இருக்கு, ஆனா வளர்றதுக்குள்ள காணாமப் போகுதுன்னு தெரிஞ்சது. வலையும் மீனைக் குறைக்கத்தான் செய்யும், ஆனா அதை மட்டும் கைகாட்டினா கணக்கு உதைக்குது. 2015-ல் மாநிலத் தூண்டில்காரர்களுக்கு 28,600 பவுண்டு, ஓஜிப்வேக்களுக்கு 11,400 என்று ஒதுக்கினார்கள். ஆகஸ்ட் 3-ம் தேதியே தூண்டில் பங்கு தீர்ந்து, வால்ஐ பிடிக்கத் தடை. பிடிச்சு விட்டதுல செத்துப்போற மீனும் இந்தக் கணக்குல சேர்த்தி. வெயில் காலத்துல, முள்ளை விழுங்கின மீன் பிழைக்கிறது கஷ்டம்.

இதுல தக்கைக்கும் பங்கிருக்கு. லேசான தக்கை முதல் இழுப்பையே காட்டிக்கொடுக்கும், முள் உதட்டோட நிக்கும். பந்து மாதிரி பெரிய தக்கைன்னா நமக்குத் தெரியறதுக்குள்ள மீன் முழுங்கிருக்கும்.

அன்னிக்கு இதெல்லாம் தெரியாமலே நான் எடுத்தது பென்சில் மாதிரி ஒல்லியான ஒண்ணு (விலை குறைவுன்னுதான், ஹி ஹி). சூரியன் இறங்குற நேரம், பாறைத் திட்டு ஓரமா, 14 அடி. ரெண்டு தடவை ஆடிட்டு உள்ளே போச்சு. கையளவு மீன். உதட்டுலதான் முள். விட்டுட்டோம்.

படிச்சு முடிச்ச அடுத்த திங்கள், "1993-ல நீங்க எந்தப் பக்கம் சார்?"னு பெரியவர்கிட்ட கேட்டேன். காபியை வெச்சுட்டு, "எங்க அப்பா எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போனார். கார் ஓட்டினது நான்"னார்.