கருவும் சொல்லும்



சென்ற ஆண்டு என் தந்தையாரைப் பாரிசவாதம் தாக்கியது. கைகால் இயங்கின, நாம் பேசுவதும் அவருக்கு விளங்கிற்று. ஆனால், தேவாரம் பாடிய குரல் கரகரத்தது. ஊட்டிய கஞ்சி புரையேறிற்று. "வீம்புக்குச் சாப்பிடாமல் கிடக்கிறார்" என்று அம்மா அழுதார்.

கல்முனைப் பக்கத்து இளம் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் அம்மாவின் அருகே வந்தமர்ந்தார். "அம்மா, பிடரிக்கு உள்ளே, மூளைத்தண்டின் அடியில், விழுங்கலையும் குரலையும் நடத்துகிற நரம்புக் கரு இருக்குது. அதுக்கு இரத்தம் போகல்ல. ஐயாவில பிழையில்ல. வாயால கொடுக்காதீங்க, குழாயால கொடுப்பம்." அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

தமிழாசிரியனான என்னை அந்தக் 'கரு' விடவில்லை.

மண்டையோட்டு நரம்புகளைப் 12 சோடிகளாக வகுத்தவர் ஜேர்மனியரான சொமரிங், ஆண்டு 1778. 1840களில் ஸ்ரில்லிங் என்பவர் மூளைத்தண்டை மெல்லிய சீவல்களாக அரிந்து, நுணுக்குக்காட்டியிற் பார்த்து, நரம்புகள் புறப்படும் கலத்திரள்களை விவரித்தார். அவையே கருக்கள். கண்ணசைவுக்குரியவற்றுட் பல நடுமூளையிலும், முகத்தசைக்குரியது அதன் கீழுள்ள பாலத்திலும், நாவுக்கும் தொண்டைக்கும் உரியவை நீள்வளையமையவிழையத்திலும் உள்ளன. இந்த நீண்ட பெயருக்குரிய உறுப்பைத் தமிழகத்தார் 'முகுளம்' என்பர். மொட்டு என்று பொருள்.

இத்தகைய அறிவைத் தமிழுக்குக் கொண்டுவர முயன்றோர் வரலாறு நீண்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். அவரும் அவர் மாணாக்கரும் உழைத்ததன் பயனாக 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது.

அதே மானிப்பாயில், 1920இல் இந்துக் கல்லூரி அதிபரானவர் எங்கள் காரைதீவு மயில்வாகனனார். விஞ்ஞானப் பட்டதாரியான அவரே பின்னர் சுவாமி விபுலானந்தர் ஆனார். 1936இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938இல் 'கலைச்சொற்கள்' நூலுருப் பெற்றது.

'கரு' என்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு கலத்தின் நடுவிலுள்ளதும் கரு. நரம்புக்கலங்கள் பல சேர்ந்த திரளும் கரு. வயிற்றுப் பிள்ளையும், கதையின் உட்பொருளும் கருவே. இடமறிந்து பொருள் கொள்ளவேண்டும். தமிழுக்கு அது புதிதன்று.

கலைச்சொல் அகராதிக்குள் உறங்குவதற்கன்று. நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்வதற்கே. அன்று அந்தத் தம்பியின் வாயில் அது வந்து சேர்ந்தது.

தந்தையார் இன்று கஞ்சி விழுங்குகிறார். குரல்தான் திரும்பவில்லை. தேவாரத்தை இப்போது அம்மா பாடுகிறார். அவர் விரலால் தாளமிடுகிறார்.