புல்வெளியைத் தரிசாக்கிய கதை

நீலகிரியின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்ததிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் கலெக்டரை விட்டுவிட்டுப் புல்லிலிருந்து தொடங்கலாம் என்று பார்க்கிறேன்.

சுமார் 2000 மீட்டருக்கு மேலே நிலம் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் பாசி படர்ந்த, குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. கீழே பள்ளத்தில் சதுப்பு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தத் திறந்தவெளிகளில் உறைபனி விழும். அப்போது வெளியே முளைத்த சோலைக் கன்று கருகிப்போகும். புல்லோ தலை காய்ந்தாலும் அடியில் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு மழைக்குக் கிளம்பிவிடும். புல்வெளி என்றால் புல் மட்டுமில்லை. தரை ஆர்கிட்கள், பூச்சி தின்னும் ட்ரோசீரா, காசித்தும்பையின் காட்டு உறவுகள், சரிவு முழுக்கக் குறிஞ்சிப் புதர். சிவப்புப் பூ பூக்கும் ரோடோடென்ட்ரான் ஒன்றுதான் சோலையோரத்தை விட்டுப் புல்லுக்கு நடுவே தனியாக வந்து நிற்கத் துணிந்த மரம். இமயத்தில் இருப்பதன் நெருங்கிய சொந்தம் அது.

வெள்ளைக்காரனுக்கு இந்தப் புல்வெளியைப் பிடித்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தன் ஊரின் மேய்ச்சல் மேடுகளைப் பார்ப்பது போல இருந்ததால் 'டவுன்ஸ்' என்று பெயர் வைத்தான். குதிரையில் நரி வேட்டையாடினான் (நரி வேட்டைக்காகவே உதகையைச் சுற்றி வென்லாக் டவுன்ஸ் கொஞ்ச காலம் காப்பாற்றப்பட்டது என்பது இந்த வரலாற்றின் கசப்பான வேடிக்கை). ஆனால் அழகாக இருக்கிறது என்பது வேறு, கணக்கில் வருகிறது என்பது வேறு. வருவாய்த்துறைக் கண்ணுக்கு உழாத நிலம் தரிசு. வனத்துறைக் கண்ணுக்கு மரமில்லாத நிலம் வெற்றிடம். தோடரின் எருமைகள் மேய்ந்த வெளி இந்த இரண்டு பேரேடுகளிலும் 'சும்மா கிடக்கிற இடம்'. சீகை மரமும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே வந்து சேர்ந்தன. விறகுக்குத்தான். குளிர்ப் பிரதேசத்தில் பங்களா கட்டியவர்கள் சுற்றியிருந்த சோலைகளை எரித்துக் குளிர் காய்ந்து முடித்திருந்தார்கள்.

இதற்கு அறிவியலும் துணைக்கு வந்தது. மழை இவ்வளவு பெய்கிற இடத்தில் இயல்பாகக் காடுதான் இருக்க வேண்டும். மேய்ப்பவர்கள் நெருப்பு வைத்து வைத்துத்தான் புல்வெளி ஆயிற்று. ஆகவே மரம் நடுவது இயற்கைக்குச் செய்யும் பரிகாரம். இப்படி ஒரு சொல்லாடல். குற்றவாளி யார் என்று கவனியுங்கள். காட்டை வெட்டியவனல்ல, எருமை மேய்த்தவன். இந்தக் கதைக்கு நெத்தியடி 1993-இல் விழுந்தது. ரா. சுகுமாரும் சகாக்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, பனியுகத்தின் உச்சத்திலேயே இங்கே புல் ஆட்சி செய்திருக்கிறது என்று காட்டினார்கள். மேய்ப்பவனுக்கு முன்பே புல் இருந்தது.

சுதந்திரம் வந்து அந்தப் பேரேடு மாறியதா? இல்லை, வேகம் கூடியது. தோல் பதனிட சீகைப் பட்டை, செயற்கைப் பட்டுக்கு மரக்கூழ் என்று ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் மேல்மலைப் புல்வெளிகள் வரிசை வரிசையாக நடப்பட்டன. பவானியை நாறடித்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கும் இந்த மரம் போயிற்று. பழனிமலையிலும் இதே கதைதான். 1973-க்கும் 2014-க்கும் இடையே அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தொலைந்துபோனதை 2018-இல் வெளியான ஆய்வு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டியது. அதில் பெரும்பகுதி மரத்தோட்டமாகவும் விவசாயமாகவும் ஆகியிருந்தது. நாம் 'காடழிப்பு' என்று பேசிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், காடு 'வளர்ப்பதன்' பேரில் இது நடந்திருக்கிறது. நம் பத்திரிகைகளில் இதைப்பற்றி எவ்வளவு எழுதினோம்?

தண்ணீருக்கு வருவோம். 'மரம் வெச்சா மழை வரும், தண்ணி ஊறும்' என்பது நம் இயக்கங்களின் மேடைகளிலும் வேதவாக்காகிவிட்டது. உதகையில் உள்ள மைய மண்வள ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல், சோலை, சதுப்பு என்று இருந்தபடியே விட்டார்கள். மற்றதின் புல்வெளியில் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே நட்ட பக்கத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் சுமார் 16 சதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. கோடை ஓட்டமும் மெலிந்தது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. புல் குறைவாகக் குடிக்கிறது. பனிக்காலத்தில் அதன் தலை காய்ந்துவிடுகிறது. கீழே சதுப்பு மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. எப்போதும் பச்சையாக நிற்கும், வேகமாக வளரும் மரம் வருஷம் முழுக்க உறிஞ்சுகிறது. 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராவும் அப்புறம் வந்த குந்தாவும் இந்த ஓடைகளை நம்பி எழுந்தவை. ஒரு துறை அணை கட்டிக்கொண்டிருக்க, இன்னொரு துறை அதன் தலைமாட்டில் குடிகார மரங்களை நட்டுக்கொண்டிருந்தது.

இதில் தமிழறிஞர்களையும் சும்மா விடுவதற்கில்லை. ஒரு திணைக்கே பூவின் பெயரை வைத்த மரபு என்று மார்தட்டுகிறோம். 2006-இலும் 2018-இலும் குறிஞ்சி பூத்தபோது பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். குறிஞ்சி நிற்பது புல்வெளியில், அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது நம் உரைகளில் வருவதே இல்லை.

இப்போது காற்று மாறியிருக்கிறது. 1980-களின் இறுதியில் புல்வெளியில் நடவு நின்றது. முக்குருத்தி 1990-இல் தேசியப் பூங்காவானது. 2022-இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. வரையாட்டுக்கென்று தனித்திட்டமும் அதே ஆண்டில் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 'மண்ணுக்குரியது', 'அந்நியம்' என்ற சொற்கள் தாவரவியலிலிருந்து நழுவி மனிதர்மீது போய் உட்காரும் விதம் எனக்குப் பயமாக இருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் பலர் இந்த மலையில்தான் வந்திறங்கினார்கள். அரசுத் தேயிலையில் கொழுந்து பறித்தார்கள். சீகை விறகு பல வீடுகளில் இன்றும் அடுப்பெரிக்கிறது. 'சீகையும் வந்தேறி, சிலோன்காரனும் வந்தேறி' என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மரத்தை நட்டது அரசு. ஆட்களைக் கப்பலேற்றியதும் அரசு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற பேச்சு அரசை மட்டும் கழற்றி விட்டுவிடுகிறது.

இன்னொரு சிக்கல். சில இடங்களில் சீகை நிழலுக்கடியில் பனி படாமல் சோலைக் கன்றுகள் எழும்பி நிற்கின்றன. அங்கே இயந்திரத்தை விட்டுப் பெயர்த்தால் அவையும் போய்விடும். வெட்டி வெளிச்சம் விட்டாலோ, மண்ணுக்குள் பல்லாண்டுகளாக உறங்கிய சீகை விதை ஒன்றாக முளைத்துவிடும். ஆகவே இது ஒரு நாள் விழா எடுத்து முடிக்கிற வேலை அல்ல. வருஷா வருஷம் குனிந்து கன்று பிடுங்க வேண்டும், உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். எந்தப் புல் எங்கே வரும் என்பது தோடருக்குத் தெரியும். அவர்களுடைய கோயில் கூரைக்கு வேயும் சதுப்புப் புல் எல்லா இடத்திலும் முளைப்பதல்ல. அதைத் தேடித்தேடிச் சதுப்புகளின் கணக்கையே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலுக்கும் சமூக வனத்தைக் காத்து நிர்வகிப்பதற்கும் உரிமை தருகிறது. புல்வெளியை மீட்கப் போகிற திட்டங்களில் தோடர் நிர்வாகியாக உட்காரப் போகிறாரா, தினக்கூலிக்குக் கன்று பிடுங்குகிற ஆளாக நிற்கப் போகிறாரா? விறகு போனால் அந்த அடுப்புகளுக்கு என்ன வழி? அரசாணைகளைப் படிக்கும்போது நாம் தேட வேண்டிய வரிகள் இவைதான்.