யார் மேசைக்கு எந்த அறிக்கை

நிறுவனத்தின் கணக்கு விவரங்களைத் திரட்டுவது ஒரு வேலை. திரட்டியதை யாருக்கு, எப்போது, எந்த வடிவில் கொடுப்பது என்று முடிவு செய்வது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலை தனிக் கவனம் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்க ரயில் நிறுவனங்களில். ஆலை முதலாளி ஒரு சுற்று நடந்தால் ஆலை முழுவதையும் பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கான மைல் நீளும் ரயில் பாதையை அப்படிப் பார்க்க முடியாது. 1841 அக்டோபர் 5 அன்று மாசசூசெட்ஸின் வெஸ்டர்ன் ரயில்பாதையில் இரண்டு பயணிகள் ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பின் அந்த நிறுவனம், எந்த ஊழியர் யாருக்குப் பொறுப்பு, எந்தத் தகவலை யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் வகுத்தது.

1854இல் நியூயார்க் அண்ட் ஈரி ரயில்வேயின் தலைமைக் கண்காணிப்பாளரான டேனியல் மக்கலம் இதை மேலும் விரிவாகச் செய்தார். 50 மைல் பாதையை ஓர் அதிகாரி நேரில் கவனித்துக்கொள்ளலாம். 500 மைல் பாதைக்கு ஒழுங்கான முறை இல்லாவிட்டால் செலவு கட்டுமீறிப் போகும் என்பது அவர் வாதம். ரயில்கள் எங்கே இருக்கின்றன என்ற செய்தி மணிக்கு மணி தந்தியில் வந்தது. தாமதங்களும் அவற்றின் காரணங்களும் நாள் அறிக்கையில் பதிவாயின. செலவுகளை ஒப்பிட மாத அறிக்கை இருந்தது. 1855இல் அவர் உருவாக்கிய அமைப்புப் படம் ஒரு செடியைப் போல வரையப்பட்டது. தலைவரும் இயக்குநர் குழுவும் வேரிடத்தில் இருந்தார்கள். பிரிவுகளும் ஊழியர்களும் கிளைகளாக விரிந்தார்கள். ஒவ்வொருவரும் தன் நேர் மேலதிகாரிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். அறிக்கையும் அந்தக் கிளை வழியேதான் போக வேண்டும். தலைமைக்குத் தகவல் திரட்டித் தருவதற்கான ஏற்பாடு இது. சக அதிகாரிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது அதன் நோக்கம் அல்ல.

அறிக்கையைப் பலருக்குக் கொடுக்கக் கருவியும் வேண்டியிருந்தது. ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற நகல் அச்சு, எழுதிய கடிதத்தின் பிரதியை அலுவலகத்தில் வைத்துக்கொள்ள உதவியது. பத்துப் பேருக்கு அனுப்ப உதவவில்லை. ரெமிங்டன் தட்டச்சுப்பொறி 1874இல் விற்பனைக்கு வந்தது. அதில் கார்பன் தாளை வைத்து ஒரே தட்டலில் பல பிரதிகள் எடுக்கலாம் என்றானதும் நிலைமை மாறியது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டப்பட்ட நேர்நிலைக் கோப்பு அலமாரி, பிரதிகளைத் தேடி எடுப்பதையும் எளிதாக்கியது. பிரதி மலிவானபின், யாருக்கெல்லாம் அனுப்புவது என்பது அன்றாடக் கேள்வியாயிற்று.

டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் இருந்த டூபான்ட் நிறுவனம் இதற்கு வேறு விடை கண்டது. அதன் நிதி அதிகாரி டொனால்ட்சன் பிரவுன், லாப விகிதத்தையும் முதலீட்டின் சுழற்சியையும் பெருக்கி முதலீட்டின் வருவாய் விகிதத்தைக் கணக்கிடும் முறையை வகுத்திருந்தார். வெடிமருந்து முதல் சாயம் வரை வெவ்வேறு தொழில்களை ஒரே அளவுகோலால் ஒப்பிட அது வழி செய்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தக் கணக்குகளுக்கென்றே ஒரு வரைபட அறை அமைக்கப்பட்டது. பெரிய வரைபடங்கள் தலைக்கு மேலே ஓடிய இருப்புப் பாதையில் தொங்கின. வேண்டிய படத்தை இழுத்து, அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவின் முன் நிறுத்தலாம். விற்பனை குறைந்ததா, செலவு கூடியதா, சரக்கு தேங்கியதா என்று படம் படமாகப் பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேடலாம். எல்லோரும் ஒரே எண்ணைப் பார்த்ததால், யாருடைய கணக்கு சரி என்ற தகராறு குறைந்தது. ஆனால் அந்த வசதி அறைக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே. பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்த அந்த அறை மேல்மட்டத்தின் கருவியாகவே இருந்தது.

ஐபிஎம் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958 அக்டோபரில் வெளியிட்ட கட்டுரை, ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்ற பெயரையே பகிர்வு முறை ஒன்றுக்கு வைத்தது. ஆவணங்களைக் கணினி சுருக்கும். ஒவ்வொரு பிரிவும் எதில் அக்கறை காட்டுகிறது என்ற குறிப்போடு ஒப்பிடும். பொருந்தினால் அந்தப் பிரிவுக்கு மட்டும் செய்தி போகும். அந்தப் பிரிவு எதைக் கேட்டு வாங்கியது என்பதைக் கொண்டு அக்கறைக் குறிப்பும் திருத்தப்படும்.

நடைமுறை எதிர்த்திசையில் போனது. 1959இல் வந்த ஐபிஎம் 1403 அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரிகள் அடித்தது. மாத அறிக்கைகள் கட்டுக் கட்டாகக் குவிந்தன. 1970களின் இறுதியில் லாக்ஹீட்-ஜார்ஜியா நிறுவனத்தில் தலைமை நிர்வாகிகள் சுருக்கமான நிலவரத்தைத் திரையில் பார்க்கும் ஏற்பாடு வந்தது. 1979இல் விசிகால்க், 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தபின் ஒவ்வொரு மேசையிலும் தனிக் கணக்குத் தாள் தோன்றியது. ஒரே மாத விற்பனைக்கு இரண்டு துறைகள் இரண்டு எண்களைக் காட்டுவது வழக்கமாயிற்று. எண்களை ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் தரவுக் கிடங்கு அமைப்பை ஐபிஎம்மின் டெவ்லினும் மர்ஃபியும் 1988இல் விவரித்தார்கள்.

1990களில் இணைய உலாவி பரவியதும் அறிக்கையை அனுப்பாமல், இருக்கும் இடத்தைச் சுட்டும் இணைப்பை மட்டும் அனுப்பும் வழி திறந்தது. 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பவர் பிஐ போன்ற மென்பொருள்களில் பல வழிகள் சேர்ந்தே கிடைக்கின்றன: குறித்த நேரத்தில் மின்னஞ்சல், ஒரு குழுவுக்கான பொதுப் பணியிடம், நிறுவனம் முழுவதற்குமான டேஷ்போர்டு. வரிசை அளவிலான பாதுகாப்பை அமைத்தால், மதுரை மேலாளரும் கோவை மேலாளரும் ஒரே பக்கத்தைத் திறந்து அவரவர் வட்டாரக் கணக்கை மட்டும் பார்க்கலாம். பார்த்த எண்களை எக்செல் கோப்பாக இறக்கிக்கொண்டால் அந்தப் பிரதி அன்றைய நிலவரத்தோடு நின்றுவிடும். கைமாறிய பின் அந்தப் பாதுகாப்பும் அதைத் தொடராது. அதனால் பார்க்கும் அனுமதியையும் இறக்கிக்கொள்ளும் அனுமதியையும் நிறுவனங்கள் தனித்தனியாக வழங்குகின்றன.