பாட்டுப் புத்தகத்தின் முகப்பு

செங்கற்பட்டில் பழைய புத்தகம் விற்கும் சிறு கடையொன்றில், சில ஆண்டுகளுக்கு முன், சினிமாப் பாட்டுப் புத்தகங்களின் கட்டு ஒன்று நம் கண்ணில் பட்டது. நாற்பதுக்குக் குறையாது. அவற்றுள் முகப்பு அட்டையோடு எஞ்சியிருந்தவை ஏழே. ஏனையவற்றின் அட்டையைக் காணோம். "பாட்டு மனப்பாடம் ஆயிடுங்க ஐயா, படத்தைக் கிழிச்சுச் சுவத்துல ஒட்டிடுவாங்க" என்றார் கடைக்காரர். முகப்பு என்பது எதற்காக, யாருக்காக என்னும் வினாவை அன்று அவர்தாம் நமக்குள் எழுப்பினார்.

இசைக்கெனவே நடத்தப்பெறும் இதழ்கள் நம்மிடையே உண்டு. சென்னையில் 1983-இல் பட்டாபிராமன் தொடங்கிய 'சுருதி' அவற்றுள் பெயர்பெற்றது. ஆங்கில இதழாகிய அதன் வாசகர் வட்டம் சபாக்களைச் சார்ந்தது. பெருந்திரளான மக்கள் இசையை அச்சில் தொட்டது பாட்டுப் புத்தகத்தின் வழியாகவே. அதன் மரபு சினிமாவுக்கும் முந்தியது. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகி, சந்தையிலும் திருவிழாவிலும் சில்லறைக் காசுக்கு விற்ற சிறு நூல்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ரயில் சந்திப்பாகிய செங்கற்பட்டும், யாத்திரிகர் வந்து குவியும் திருக்கழுக்குன்றமும் இத்தகைய நூல்களுக்கு இயல்பான சந்தைகள்.

பின்னர் இசைத்தட்டு வந்தது. குரல் வீட்டுக்குள் நுழைந்தது, முகம் வரவில்லை. குழாயின் முன் அமர்ந்து எசமானனின் குரலைக் கேட்கும் நாயின் படமே தட்டுக்குத் தட்டு நம்மைப் பார்த்தது. மேனாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1940-ஐ ஒட்டி அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் ஓவியர் கொலம்பியா நிறுவனத்திற்காக வண்ண உறைகளை வரையத் தொடங்கும்வரை, பெரும்பாலான இசைத்தட்டுகள் வெறும் பழுப்புத்தாள் உறையில்தான் விற்றன.

நம் மக்களுக்கு அந்த முகத்தை அளித்தது பேசும்படம். 1931 அக்டோபர் 31-இல் 'காளிதாஸ்' வெளியான பின் படத்துக்குப் படம் பாட்டு பெருகிற்று. 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள்! இத்தனையையும் ஒருமுறை கேட்டு நினைவில் வைப்பது எங்ஙனம்? கொட்டகை வாயிலில் விற்ற மெல்லிய புத்தகமே துணை. கதைச் சுருக்கத்தை முக்கால்வாசி சொல்லி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடும் குறும்பும் அதற்கு உண்டு.

நம் கைக்கு வந்த ஏழு முகப்புகளும் ஏறக்குறைய ஒரே இலக்கணம் உடையவை. மட்டமான தாள், ஒரு வண்ணம், மிஞ்சினால் இரண்டு. படத்தின் பெயர் கையால் வரைந்த தடித்த எழுத்தில், சற்றே வளைந்து, மேலே நிற்கும். நாயக நாயகியரின் தலைகள் உடலினின்றும் கத்தரிக்கப்பட்டு வெற்றிடத்தில் மிதக்கும். அச்சுக்கட்டையின் புள்ளிகளில் கண்ணும் புருவமும் மட்டுமே தெளிவு. இதனைக் கலைக்குறை என்று தள்ளுவார் உளர். நமக்கு அது சரியாகப் படவில்லை. கொட்டகையின் மங்கிய விளக்கில், கூட்ட நெரிசலில், கையை நீட்டி வாங்குவோனுக்கு முகமும் பெயரும் ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். வாங்கியோர் எல்லாரும் படிக்கத் தெரிந்தவர்களும் அல்லர். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் ஐந்தில் ஒருவர் அளவே. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைக் குப்பங்களில், வாங்கி வந்த புத்தகத்தைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் கொடுத்துப் பாடச் சொல்லிக் கேட்ட முதியோரை நாம் அறிவோம். அவர்களுக்கு உள்ளே இருப்பது பிள்ளையின் பங்கு. முகப்பு ஒன்றே தம் பங்கு.

ஒரு குறையை மட்டும் மறைப்பதற்கில்லை. அந்த ஏழு முகப்புகளில் ஒன்றிலேனும் பாட்டெழுதியவர் பெயர் இல்லை. பாட்டுக்காகவே விற்ற புத்தகம் அது! பாபநாசம் சிவன் போன்ற பெரும்புலவரின் வரிகளை ஊரே பாடிற்று. முகப்போ பாடி நடித்த முகத்தையே காட்டிற்று. ஒலிநாடா பரவிய எண்பதுகளில் உள்ளங்கை அளவே ஆன அட்டையில் இளையராஜாவின் முகம் இடம்பெற்றதும், அதற்காகவே நாடாவைத் தேடி வாங்கினோர் பெருகியதும் பெரிய மாற்றமே. இசையமைத்தவர் முன்னே வந்துவிட்டார். கவிஞர் அப்போதும் உள்தாளில், பொடி எழுத்தில்.

இன்று பாட்டுப் புத்தகமும் இல்லை, நாடாவும் இல்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிரு இடங்களே இத்தகைய அச்சுச் சிதறல்களைப் பேணுகின்றன. அங்கும், மக்கள் விரும்பிக் கிழித்தெடுத்த முகப்பு எளிதில் திரும்பி வராது.

அந்தக் கட்டு முழுவதையுமே விலை கேட்டோம். அட்டையில்லாதவற்றை எடைக்குப் போட்டார். அட்டையுள்ள ஏழுக்கும் தனித்தனியே விலை சொன்னார் கடைக்காரர்.