சாந்திநிகேதனத்துச் சீனப் பேராசிரியர்

காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமர் அந்நாட்டவர்க்குத் தியானமும் தற்காப்புக் கலையும் பயிற்றினார் என்னும் மரபுரையை நம் சிறுவரும் அறிவர். அது வரலாறா, கதையா என்பது அறிஞர் ஆய்வுக்குரியது. ஆனால் சீனத்திலிருந்து இங்கு வந்து, தம் வாழ்நாளை ஆசிரியப் பணிக்கே ஈந்த ஒருவரின் வரலாறு ஐயத்திற்கு இடமற்றது. அவரே பேராசிரியர் டான் யுன் ஷான்.

ஹூனான் மாநிலத்தில் 1898ஆம் ஆண்டு பிறந்த அவர், 1927இல் சிங்கப்பூரில் கவியரசர் தாகூரைக் கண்டார். அச்சந்திப்பே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அடுத்த ஆண்டே சாந்திநிகேதனம் வந்து சேர்ந்தார். சீனம் கற்பிக்க வந்தவர் தாமும் மாணவராகி வடமொழி பயின்றார். விசுவபாரதியில் சீனக் கல்விக்கு ஒரு நிலையம் வேண்டும் என்பது தாகூரின் கனவு. அதற்காகத் தாயகம் சென்று பொருளும் நூலும் திரட்டினார் டான். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், வங்காளப் புத்தாண்டன்று, சீன பவனம் திறக்கப்பட்டது. நோயுற்ற நேருவின் வாழ்த்துரையை இளம் இந்திரா கொணர்ந்தார்.

சாந்திநிகேதனத்தில் பிறந்த அவர்தம் மகளுக்குச் சமேலி என்னும் இந்தியப் பெயர் வாய்த்தது. மகன் டான் சுங், தந்தை வழியில் சீன இயல் அறிஞராகிப் 2010இல் பத்ம பூஷண் பெற்றார். ஊரோடு இவ்வாறு ஒன்றிய அக்குடும்பத்தார் சீனத்தை மறந்தாரல்லர்.

1962இல் சோதனை வந்தது. பிறந்த நாடும் புகுந்த நாடும் போரிட்டன. இந்தியாவில் வாழ்ந்த சீனர் ஆயிரக்கணக்கானோர் இராசத்தானத்துத் தேவளி முகாமில் அடைக்கப்பட்டனர். இரு நாட்டு நட்புக்கே வாழ்ந்தவரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆயினும் அவர் இந்நாட்டை விட்டு அகன்றாரில்லை. முதுமையில் புத்தகயையில் பௌத்தக் கல்விப் பணியை மேற்கொண்டு, 1983இல் அங்கேயே மறைந்தார்.

பிழைப்பு நாடிப் பீன்யாவின் தொழிற்சாலைகளுக்கு வந்த நமக்கு இவ்வாழ்வு அயலதன்று. 1991ஆம் ஆண்டுக் காவிரிக் கலவரத்தை நம் மூத்தோர் மறந்திலர். பிறந்த மண்ணும் வாழும் மண்ணும் மாறுபடுங்கால் இடையில் நிற்போர்க்கு வரும் வேதனையை நாமும் அறிவோம். அவ்வேளையில் நம்மைக் காப்பது ஒதுங்கி வாழ்தலன்று; அண்டை வீட்டாரின் மொழியறிந்து, அவர் உள்ளமறிந்து பழகிய பழக்கமே.

இஃது நமக்குப் புதிய நெறியுமன்று. சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த சிவன் கோயில் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அங்கு வாழ்ந்த தமிழ் வணிகர் விட்டுச் சென்ற அக்கல்லில் தமிழ் எழுத்தோடு சீன எழுத்தும் உண்டு. தம் மொழியைக் கைவிடாது, வாழும் நாட்டின் மொழியையும் அருகில் அமர்த்தினர் நம் முன்னோர். நம் இல்லங்களிலும் தமிழும் கன்னடமும் அவ்வாறே அருகமர்ந்து வளர்க! நம் மக்கள் இரண்டிலும் வல்லவராகுக!