காற்பந்தாட்டத்தில் விலையும் கூலியும்

உழைப்புக்குக் கொடுப்பது கூலி; பொருளுக்குக் கொடுப்பது விலை. ஒரே மனிதனுக்காக இவ்விரண்டையும் கொடுக்கும் தொழில் காற்பந்தாட்டம். கூலி ஆட்டக்காரருக்கு, விலை அவரை விட்டுக்கொடுக்கும் கழகத்துக்கு. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருவனவே. யார் கைக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தது எது? இங்கிலாந்தின் வரலாறு விடை கூறும்.

விதியும் வரம்பும்

1885இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் சம்பளத்துக்கு ஆடுவதை ஏற்றது. 1888இல் 12 கழகங்கள் கூடி லீக் போட்டியைத் தொடங்கின. 1893 முதல் ஒரு விதி வேரூன்றியது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும், பழைய கழகம் இசைந்தாலன்றி ஆட்டக்காரர் லீகின் வேறு கழகத்தில் சேர இயலாது. 1901இல், வாரம் 4 பவுனுக்கு மேல் சம்பளம் தரலாகாது என்ற வரம்பும் வந்தது.

செல்வக் கழகங்கள் ஏழைக் கழகங்களை விழுங்காதிருக்கவே இவ்வேற்பாடு என்றனர். ஆனால், அணையிட்ட நீர் வேறு வழி தேடுமன்றோ? கூலியாகத் தர இயலாத பணம் விலையாகப் பாய்ந்தது. 1905இல் மிடில்ஸ்பரோ, ஆல்ஃப் காமனைச் சண்டர்லாந்திடமிருந்து 1,000 பவுனுக்குப் பெற்றது. அது 250 வார உச்சச் சம்பளத்துக்குச் சமம். 1928இல் டேவிட் ஜாக்குக்காக ஆர்சனல், போல்ட்டனுக்கு 10,000 பவுனுக்கு மேல் கொடுத்தது. அன்றைய உச்சச் சம்பளமோ வாரம் 8 பவுன்! அத்தொகையை ஈட்ட அவர் ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆடவேண்டும்.

தளை அறுந்தது

ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானது. 1961 ஜனவரியில், அப்போது 20 பவுனாக இருந்த வரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹெயின்ஸ் வாரம் 100 பவுன் பெற்றார். 1963இல், ஜார்ஜ் ஈஸ்டம் நியூகாசல் கழகத்தின்மீது தொடுத்த வழக்கில், ஆட்டக்காரரைத் தடுத்துவைக்கும் அம்முறை நியாயமற்ற தொழில் தடை என நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்.

1995இல் பெல்ஜியத்தின் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறு நாட்டுக் கழகத்துக்குச் செல்ல விலை கேட்கலாகாது என்றது. விலையில் மிஞ்சிய பணத்தை ஆட்டக்காரர் கூலியாகக் கேட்கலானார். இப்போது விலை என்பது எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்கே உரியது. ஆகவே, இன்றே விலை கொடுப்பதா, ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்து மிகுந்த கூலி கொடுப்பதா என்பதே கழகங்களின் கணக்காயிற்று.

ஐரோப்பியக் காற்பந்து ஒன்றியம் 2022இல் வகுத்த விதியும் இவ்வுண்மையை ஒப்புக்கொள்கிறது. தன் போட்டிகளில் ஆடும் கழகங்களின் கூலியையும், ஆண்டுகளுக்குப் பகிர்ந்தெழுதிய விலையையும், தரகர் கட்டணத்தையும் ஒன்றாய்க் கூட்டி, வருவாயில் 70 விழுக்காட்டைத் தாண்டலாகாது என அது படிப்படியாக வரையறுத்தது.

பணம் அன்றும் இருந்தது. ஆட்டக்காரருக்கு விலகிச் செல்லும் உரிமை இல்லாதவரை அது விலையாயிற்று; உரிமை கிட்டியதும் கூலியாயிற்று.