உப்பு வரி போனது, ஒட்டுக்கேட்பு போகவில்லை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். வரிசையாகப் பாத்திகள், வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். வண்டியை நிறுத்தி இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் ஒரு காலத்தில் இந்தக் கரையில் அரசுக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடி உப்பு அள்ளினாலும் குற்றம். அரசாங்கம் குடிமக்களை உளவு பார்க்கிறது, பெகாசஸ், போன் ஒட்டுக்கேட்பு என்று இன்று பேசுகிறோமே, அந்தக் கதையை இந்த உப்பளத்திலிருந்து தொடங்கலாம்.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. ஏகபோகம் நிலைக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் உள்ளே வர முடியாதபடி ஒரு தடை வேண்டும் என்று வணிகவியல் முதலாண்டிலேயே சொல்லித் தருவார்கள். பெரிய முதலீடோ, காப்புரிமையோ, ஏதாவது ஒன்று. உப்புக்கு என்ன தடை? மூலப்பொருள் கடல் நீரும் வெயிலும். இரண்டும் இலவசம்! ஆகவே ஒரே வழி, ஆள் போட்டுக் காவல் காப்பதுதான்.

மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரி இருந்தது இன்னொரு தலைவலி. அங்கிருந்து மலிவான உப்பு வந்துவிட்டால் எல்லாம் போச்சு. அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். 1815 ஒப்பந்தப்படி பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பை வாங்கும் உரிமை பிரிட்டிஷாருக்கு, பதிலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரர்களுக்கு. 1818-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு அங்கே உப்பு விளைவிப்பதையே நிறுத்தி வைத்தார்கள். போட்டியாளருக்குப் பணம் கொடுத்துக் கடையை மூட வைப்பது புதிய தந்திரம் இல்லை போலிருக்கிறது. வடக்கே நிலைமை இன்னும் மோசம். சிந்து நதியிலிருந்து மகாநதி வரை முள்வேலி வளர்த்து, சுமார் 12,000 பேரைக் காவலுக்கு வைத்து, 1879 வரை உப்பைத் தடுத்தார்கள்.

இந்தக் காவலை எப்படி உடைத்தார்கள் என்பதற்கு மரக்காணத்துக்குத் தெற்கே, இதே கடற்கரையில் வேதாரண்யம் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து நடந்தார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் மரத்தையா கேட்க முடியும்? ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். 1947 பிப்ரவரி பட்ஜெட்டில், சுதந்திரம் வருவதற்கு முன்பே, உப்பு வரி நீக்கப்பட்டது.

ஆனால் உப்புச் சட்டங்கள் எழுதப்பட்ட அதே காலத்தில் இன்னொரு சட்டமும் எழுதப்பட்டது. 1885-ன் இந்தியத் தந்திச் சட்டம். பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்று சொல்லிச் செய்திகளை இடைமறிக்கலாம் என்றது அதன் 5-வது பிரிவு. வெள்ளைக்காரன் போனான், இந்தப் பிரிவு போகவில்லை. உப்பைக் காவல் காப்பவன் கண்ணுக்குத் தெரிவான், அவனை எதிர்த்து நடக்கலாம். ஒட்டுக்கேட்பவன் தெரிய மாட்டான். அவன் இருக்கிறான் என்று தெரிந்தால்தானே எதிர்க்க முடியும்?

எப்போதாவது தெரிந்தபோது சத்தம் வந்திருக்கிறது. 1988-ல் போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். கடிதங்களைப் பிரிக்க வழி செய்த 1986 தபால் மசோதாவில் ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்தே போடவில்லை. அடுத்து வந்த, நம்மூர்க்காரரான ஆர். வெங்கட்ராமன் அதைத் திருப்பி அனுப்பினார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலர் மட்டத்தில்தான் ஒட்டுக்கேட்பு உத்தரவு போட வேண்டும், அதை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்றது.

அந்தக் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலர்களே. நீதிபதி கிடையாது. பிரிட்டனிலோ 2016 சட்டத்துக்குப் பிறகு அமைச்சர் கையெழுத்தோடு ஒரு நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும். இங்கே, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று 2018-ல் ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதியது. ஒரு உத்தரவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 250 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்தச் செயலருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது?

2021 ஜூலையில் பெகாசஸ் செய்தி வந்தது. இதற்குக் கம்பியே வேண்டாம், போனையே ஒற்றனாக்கிவிடும். வாங்கினீர்களா இல்லையா என்ற கேள்விக்கு, தேசப் பாதுகாப்பைக் காட்டி விரிவான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய மத்திய அரசு மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து 5-ல் ஏதோ ஒரு தீம்பொருள் இருப்பதாகச் சொன்னது. அது பெகாசஸ்தானா என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. குழுவுக்கு அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்திலேயே தெரிவித்தார்.

தந்திச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. இடைமறிக்கும் அதிகாரம் அதன் 20-வது பிரிவில் இருக்கிறது. ஜெயில் சிங் கையெழுத்துப் போடாத தபால் அதிகாரமும் அதே 2023-ல் புதிய தபால் சட்டத்தில் வந்துவிட்டது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது நெருக்கடியும் இல்லை, பொதுப் பாதுகாப்பும் இல்லை, பதிவுகள் மறுஆய்வுக் குழுவுக்குப் போகவும் இல்லை என்றது தீர்ப்பு. உத்தரவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஏறத்தாழ 14 ஆண்டுகள்.